சின்ன விமான நிலையத்துக்குக் கோபுரம் எதற்கு?

அமெரிக்காவில் பொதுமக்கள் பயன்படுத்தக்கூடிய விமான நிலையங்கள் ஏறத்தாழ 5,000. அவற்றில் கட்டுப்பாட்டுக் கோபுரம் உள்ளவை ஐந்நூற்றுச் சொச்சம்தான். மற்ற இடங்களில், அதாவது பத்தில் ஒன்பது இடங்களில், "நீ இறங்கு, நீ பொறு" என்று சொல்ல ஆளே கிடையாது. விமானிகள் தாங்களே பார்த்துக்கொண்டு, தங்களுக்குள் ரேடியோவில் பேசிக்கொண்டு, ஒருவருக்கொருவர் வழிவிட்டு இறங்குகிறார்கள், ஏறுகிறார்கள்.

நமக்கு இது கேட்கவே ஒரு மாதிரியாக இருக்கும். நம் ஊரில் விமான நிலையம் என்றாலே வாசலில் துப்பாக்கியோடு சிஐஎஸ்எஃப் வீரர், கையில் டிக்கெட், அடையாள அட்டை. அங்கே சின்ன ஊர் விமான நிலையம் என்பது கிட்டத்தட்ட ஊர்ப் பொது மைதானம் மாதிரி. ஓர் ஓடுபாதை, நாலைந்து கொட்டகை, எரிபொருள் போட ஒரு பம்ப். சனிக்கிழமை காலையில் ஒரு பல் டாக்டரோ பள்ளி ஆசிரியரோ தன் பழைய செஸ்னாவைத் தள்ளிக்கொண்டு வந்து, ஒரு மணி நேரம் பறந்துவிட்டு வீட்டுக்குப் போவார். அதே ஓடுபாதையில் ஒரு கம்பெனி முதலாளியின் ஜெட்டும் இறங்கும். சில ஊர்களில் டிக்கெட் வாங்கிய பயணிகளோடு ஒரு குட்டி விமானமும் வரும்.

ஏதாவது விபத்து நடந்தால் உடனே இரண்டு கேள்விகள் கிளம்பும். அங்கே ஏன் கோபுரம் இல்லை? பொழுதுபோக்குக்குப் பறப்பவர்களை அங்கே ஏன் விடுகிறார்கள்? நான் விமானி இல்லை. விபத்து விசாரணை அறிக்கைகளைப் படிப்பது மட்டும் பல வருடப் பழக்கம். படிக்கப் படிக்க, இந்த இரண்டு கேள்விகளுமே குறி தவறியவை என்றுதான் தோன்றுகிறது. ஏன் என்று மூன்று விபத்துகளை வைத்துச் சொல்கிறேன்.

குயின்ஸி, 1996

இல்லினாய் மாநிலத்தில் குயின்ஸி ஒரு சின்ன ஊர். விமான நிலையத்துக்குக் கோபுரம் இல்லை. ஓடுபாதைகள் ஒன்றையொன்று வெட்டிச் செல்கின்றன. 1996 நவம்பர் 19 மாலை, யுனைடெட் எக்ஸ்பிரஸ் 5925 என்ற பயணிகள் விமானம் 13ஆம் எண் ஓடுபாதையில் இறங்க வந்தது. பீச்கிராஃப்ட் 1900 ரகம். பயணிகள் 10 பேர், விமானிகள் 2 பேர். அதே நேரத்தில் 4ஆம் எண் ஓடுபாதையின் தொடக்கத்தில் கிங் ஏர் என்ற இரட்டை எஞ்சின் விமானம் புறப்படத் தயாராக நின்றது. அதற்குப் பின்னால் வரிசையில் ஒரு சின்ன பைப்பர் செரோக்கி.

பயணிகள் விமானத்தின் குழு ரேடியோவில் கேட்டது: 4ஆம் எண் ஓடுபாதையில் நிற்கும் விமானம் எங்களுக்காகக் காத்திருக்குமா? கிங் ஏர் பதில் சொல்லவில்லை. பின்னால் நின்ற செரோக்கிக்காரர்தான் பதில் சொன்னார், தான் காத்திருப்பதாக. அவர் பேச்சின் ஒரு பகுதி, பயணிகள் விமானத்துக்குள் ஒலித்த எச்சரிக்கைக் குரலில் மறைந்து போனது. முன்னால் நிற்கும் கிங் ஏர்தான் பதில் சொல்கிறது என்று அந்தக் குழு நினைத்துக்கொண்டது. இறங்கினார்கள். கிங் ஏர் புறப்பட்டது. இரண்டும் சந்திப்பில் மோதின. இரண்டு விமானங்களிலும் இருந்த 14 பேரும் இறந்தார்கள்.

கோபுரம் இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்று சொல்வது எளிது. இந்த விபத்தைப் பொறுத்தவரை அது அநேகமாக உண்மையும்கூட. ஆனால் அறிக்கையை இன்னும் கொஞ்சம் படிக்க வேண்டும். பயணிகள் விமானத்தில் இருந்தவர்கள் மோதலில் சாகவில்லை. கதவு சிக்கிக்கொண்டு திறக்கவில்லை. அங்கேயே இருந்து உதவிக்கு ஓடி வந்தவர்களாலும் திறக்க முடியவில்லை. விமான நிலையத்தில் தயார் நிலையில் தீயணைப்புப் படை கிடையாது. ஊருக்குள்ளிருந்து வர வேண்டியிருந்தது. உள்ளே இருந்தவர்கள் புகையில் மூச்சுத் திணறி இறந்தார்கள்.

தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், அதாவது என்டிஎஸ்பி, கிங் ஏர் விமானிகள் ரேடியோவைச் சரியாகக் கவனிக்காததையும் சுற்றுமுற்றும் பார்க்காததையும் காரணமாகச் சொன்னது. உயிரிழப்பு இவ்வளவு ஆனதற்குத் தீயணைப்பு வசதி போதாததையும், திறக்காத கதவையும் சேர்த்தது. கோபுரம், தீயணைப்பு வண்டி இரண்டில் ஒன்றுக்குத்தான் ஊரில் பணம் இருக்கிறது என்று வையுங்கள். எதை வாங்குவீர்கள்? "கோபுரம் இல்லையா?" என்ற ஒரே கேள்வி இந்த இரண்டாவது கேள்வியை அமுக்கிவிடுகிறது.

வாட்சன்வில், 2022

கலிஃபோர்னியாவில் மான்டரே விரிகுடாவுக்குப் பக்கத்தில் வாட்சன்வில். இங்கேயும் கோபுரம் இல்லை. 2022 ஆகஸ்ட் 18. ஒருவர் தனியாக செஸ்னா 152 ஒன்றில் ஓடுபாதையைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

இந்தச் சுற்றைக் கொஞ்சம் விளக்க வேண்டும். சின்ன விமான நிலையத்தில் ஓடுபாதையைச் சுற்றி வானத்தில் ஒரு செவ்வகம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஓடுபாதைக்கு இணையாக ஒரு பக்கம் பறந்து, திரும்பி, மறுபடி திரும்பி, இறங்க வேண்டும். விமானிகள் இதை பேட்டர்ன் என்பார்கள். எல்லோரும் ஒரே செவ்வகத்தில், ஒரே உயரத்தில், ஒரே திசையில் சுற்றினால் முன்னால் யார், பின்னால் யார் என்று பார்த்தே தெரிந்துகொள்ளலாம். கோயில் பிராகாரத்தில் எல்லோரும் வலமாகச் சுற்றுகிற மாதிரிதான். போலீஸ் தேவைப்படாது.

அப்போது செஸ்னா 340 என்ற வேகமான இரட்டை எஞ்சின் விமானம், இந்தச் சுற்றில் சேராமல், தொலைவிலிருந்து ஓடுபாதையை நோக்கி நேராக வந்தது. அதில் இரண்டு பேர், ஒரு நாய். இரண்டு விமானிகளும் ரேடியோவில் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். பெரிய விமானம் சுமார் 180 நாட் வேகத்தில் வந்தது. மணிக்கு 330 கிலோமீட்டருக்கு மேல். செஸ்னா 152 இறங்கும் வேகம் அதில் பாதிகூட இல்லை. பின்னால் வருகிற விமானம் மிக வேகமாக நெருங்குகிறது என்று உணர்ந்து, சின்ன விமானத்துக்காரர் இறங்குவதைக் கைவிட்டு விலகப் பார்த்தார். முடியவில்லை. மூன்று பேரும் இறந்தார்கள்.

என்டிஎஸ்பியின் முடிவு என்ன தெரியுமா? பெரிய விமானத்தின் விமானி சின்ன விமானத்தைப் "பார்த்துத் தவிர்க்கத்" தவறினார் என்பதுதான்.

இந்த வாக்கியத்தோடுதான் எனக்குச் சண்டை. சட்டப்படி தவறே இல்லாத வாக்கியம். விளக்கம் என்று பார்த்தால் ஏறக்குறைய வெறுமை. எதிரில் ஒரு விமானத்தைக் கண்டு, அது மோத வருகிறது என்று புரிந்து, முடிவெடுத்து, கையை அசைத்து, விமானம் திரும்பி முடிய 12.5 விநாடி ஆகும் என்பது அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ தானே தரும் கணக்கு. 180 நாட் வேகத்தில் 12.5 விநாடியில் ஒரு விமானம் ஒரு கிலோமீட்டருக்கு மேல் போய்விடும். முன்னால் போகும் செஸ்னா 152ஐப் பின்னாலிருந்து பார்த்தால், வீடுகளும் வயல்களும் நிறைந்த பின்னணியில் ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு. அசைவுகூடத் தெரியாது, ஏனென்றால் மோதப் போகிற பொருள் கண்ணாடியில் ஒரே இடத்தில்தான் நிற்கும். முன்னால் போகிறவருக்கோ முதுகில் கண் கிடையாது.

ஆஸ்திரேலிய விசாரணை அமைப்பு 1991லேயே "பார்த்துத் தவிர்" கொள்கையின் எல்லைகளைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. எங்கே பார்க்க வேண்டும் என்று ரேடியோ மூலம் முன்கூட்டியே தெரிந்தவர், எதுவும் தெரியாமல் தேடுபவரைவிட எட்டு மடங்கு திறமையாகக் கண்டுபிடிக்கிறார் என்று அதில் இருக்கிறது. அதாவது, வெறும் கண்ணை நம்பக் கூடாது என்று தெரிந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. இருந்தும் இறந்தவர்மேல் "பார்க்கவில்லை" என்று எழுதி ஃபைலை மூடுகிறோம்.

வடக்கு லாஸ் வேகாஸ், 2022

"அதனால்தான் கோபுரம் வேண்டும் என்கிறோம்" என்பீர்கள். அதே வருடம், வாட்சன்வில்லுக்கு ஒரு மாதம் முன்பு, ஜூலை 17. வடக்கு லாஸ் வேகாஸ் விமான நிலையம். இங்கே கோபுரம் இருக்கிறது, அதில் ஆளும் இருந்தார். இணையாக இரண்டு ஓடுபாதைகள், 30 இடது, 30 வலது. ஒரு செஸ்னா 172க்கு வலது. ஒரு பைப்பர் மாலிபுக்கு இடது. பைப்பர் தவறுதலாக வலது ஓடுபாதைக்கு நேராக வந்து செஸ்னாவில் மோதியது. நான்கு பேர் இறந்தார்கள்.

விசாரணை விமானியின் தவறை முதலில் சொன்னது. கூடவே, கட்டுப்பாட்டாளர் இரண்டு விமானங்களுக்கும் மற்றதைப் பற்றி உரிய நேரத்தில் போதிய தகவல் தரவில்லை என்றது. அதோடு நிற்கவில்லை. அந்தக் கோபுரத்தில் எஃப்ஏஏ போதிய ஆள் போடவில்லை, கட்டாய ஓவர்டைம் பார்க்க வைத்தார்கள், பயிற்சிக்கு நேரம் குறைந்தது என்பதையும் காரணங்களில் சேர்த்தது.

கோபுரம் என்பது கட்டடம் அல்ல, வேலை. அந்த வேலையைச் செய்ய ஓய்வெடுத்த, பயிற்சி பெற்ற ஆள் வேண்டும். 5,000 இடங்களிலும் கோபுரம் கட்டலாம்தான். உட்கார ஆள் எங்கே? இருக்கிற ஐந்நூறுக்கே ஆள் தேடி எஃப்ஏஏ திண்டாடிக்கொண்டிருக்கிறது.

அப்படியானால் கோபுரம் என்னதான் செய்கிறது?

மூன்று விபத்துகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எங்கேயும் "விமானம் அதிகம்" என்பது பிரச்சினை இல்லை. குயின்ஸியில் அன்று மாலை சம்பந்தப்பட்டவை மூன்றே விமானங்கள். பிரச்சினை வேறு: வெட்டிக்கொள்ளும் அல்லது ஒட்டி ஓடும் ஓடுபாதைகள், ஒன்றுக்கொன்று பொருந்தாத வேகங்கள், யார் யாரிடம் பேசினார் என்ற குழப்பம். கோபுரத்தில் இருப்பவர் செய்வது இதைப் பிரித்துக்கொடுப்பதுதான். வேகமானவரை முன்னே விடுவார், இல்லாவிட்டால் தள்ளி நிறுத்துவார். பெயர் சொல்லிக் கூப்பிடுவார். பதில் சரியான ஆளிடமிருந்து வந்ததா என்று பார்ப்பார்.

இது ஊகம் இல்லை என்பதற்கு ஓஷ்கோஷ் சாட்சி. விஸ்கான்சின் மாநிலத்தில் ஓஷ்கோஷ் என்ற ஊரில் ஒவ்வொரு ஜூலையும் ஒரு வாரம் பொழுதுபோக்கு விமானிகளின் திருவிழா. அந்த ஊருக்கும் சுற்றுப்புற நிலையங்களுக்கும் சுமார் 10,000 விமானங்கள் வந்து சேரும். அந்த வாரம் உலகிலேயே மிகவும் நெரிசலான கோபுரம் அதுதான் என்பார்கள். வருகிறவர்களில் பெரும்பாலோர் சனி, ஞாயிறு விமானிகள். எப்படிச் சமாளிக்கிறார்கள்?

ரிப்பன் என்ற ஊரிலிருந்து ரயில் தண்டவாளத்தைப் பார்த்தபடி ஒற்றை வரிசையில் வர வேண்டும். இடைவெளி அரை மைல். உயரம் 1,800 அடி, வேகம் 90 நாட். அதைவிட வேகமான விமானம் என்றால் 2,300 அடியில், 135 நாட்டில். ஃபிஸ்க் என்ற குக்கிராமத்தில் தரையில் நிற்கும் கட்டுப்பாட்டாளர்கள் பைனாகுலரில் பார்த்து, நிறத்தையும் ரகத்தையும் சொல்லிக் கூப்பிடுவார்கள். விமானி பதில் பேசக் கூடாது; கேட்டது என்பதற்கு இறக்கையை ஆட்டிக் காட்ட வேண்டும்.

கவனியுங்கள், அங்கே முதல் காரியமே வேகத்தைச் சமப்படுத்துவது. முடியாதவர்களை வேறு உயரத்துக்கு அனுப்புவது. மீதி எல்லாம் அதற்குப் பிறகுதான். பொழுதுபோக்கு விமானி ஆபத்தானவர் என்றால் ஓஷ்கோஷ் ஒரு நாள்கூடத் தாங்காது.

எண்ணிக்கைக் கணக்கு

இந்த உண்மையை அரசாங்கக் கணக்கு எப்படி நடத்துகிறது என்று பார்த்தால்தான் வயிறு எரிகிறது. 1981இல் கட்டுப்பாட்டாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது ரீகன் அரசு 11,000க்கும் மேற்பட்டவர்களை வேலையை விட்டு நீக்கியது. அடுத்த வருடம் சின்னக் கோபுரங்களைத் தனியாருக்குக் கான்ட்ராக்ட் விடும் திட்டம் தொடங்கியது. இன்று நாட்டின் கோபுரங்களில் ஏறக்குறைய பாதி கான்ட்ராக்ட் கோபுரங்கள். போக்குவரத்துத் துறையின் தணிக்கைப் பிரிவு 2012இல் பார்த்தபோது, அதே அளவுள்ள எஃப்ஏஏ கோபுரத்தைவிடக் கான்ட்ராக்ட் கோபுரத்துக்கு ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 15 லட்சம் டாலர் குறைவாகச் செலவானது.

இந்தத் திட்டத்தில் ஒரு நிலையம் சேர வேண்டுமென்றால் ஒரு விகிதத்தைத் தாண்ட வேண்டும். கோபுரத்தால் கிடைக்கும் பலனை டாலரில் கணக்கிட்டு, செலவால் வகுக்க வேண்டும். ஒன்றுக்கு மேல் வந்தால் சரி. பலன் என்பதில் தவிர்க்கப்படும் மோதல்கள், மிச்சமாகும் பறக்கும் நேரம் எல்லாம் அடங்கும். ஆனால் இதற்கெல்லாம் அடிப்படை, வருடத்துக்கு எத்தனை முறை விமானம் ஏறி இறங்குகிறது என்ற எண்ணிக்கை. இதில் ஒரு வேடிக்கை. கோபுரம் இருக்கும் இடத்தில் கோபுரத்தில் இருப்பவரே எண்ணிவிடுவார். கோபுரம் இல்லாத இடத்தில் எண்ண ஆளே இல்லை, மதிப்பீடுதான்.

2013இல் பட்ஜெட் வெட்டு வந்தபோது இந்த எண்ணிக்கை மனப்பான்மை முழுசாக வெளிப்பட்டது. ஆண்டுக்கு 1,50,000 ஏற்ற இறக்கங்களுக்குக் கீழும், 10,000 வணிக ஏற்ற இறக்கங்களுக்குக் கீழும் இருக்கும் கோபுரங்களை மூடலாம் என்று எஃப்ஏஏ பட்டியல் போட்டது. மார்ச் 22 அன்று 149 கான்ட்ராக்ட் கோபுரங்கள் மூடப்படும் என்று அறிவித்தது. ஊர்கள் கோர்ட்டுக்குப் போயின. கடைசியில் நாடாளுமன்றம் வேறு கணக்கிலிருந்து பணத்தை மாற்ற அனுமதித்தது. மே மாதம் எல்லாக் கோபுரங்களும் தப்பின.

எனக்கு உறுத்துவது மூட நினைத்தது அல்ல. 149இல் சில கோபுரங்கள் உண்மையிலேயே தேவையில்லாதவையாக இருந்திருக்கலாம். ஆனால் எது தேவை, எது தேவையில்லை என்று பிரிக்க அவர்கள் வகுத்த கோடு வெறும் எண்ணிக்கைக் கோடு. ஒரே ரகப் பயிற்சி விமானங்கள் நாள் முழுக்க ஒரே செவ்வகத்தில் சுற்றும் நிலையத்தில் எண்ணிக்கை மலைபோல் ஏறும். அங்கே வேகங்கள் எல்லாம் ஒன்று. நாளைக்கு இருபது விமானம் வரும் நிலையத்தில், ஓடுபாதைகள் வெட்டிக்கொண்டு, பாதி ஜெட், பாதி இறகு மாதிரியான துணி விமானம் என்றால் எண்ணிக்கை ஒன்றுமே இல்லை, ஆபத்து அங்கேதான். குயின்ஸி இந்த இரண்டாவது வகை.

இதைவிட ஆச்சரியம், வேக விதி. கோபுரம் உள்ள நிலையத்தைச் சுற்றி நான்கு கடல் மைலுக்குள், 2,500 அடிக்குக் கீழே 200 நாட்டுக்கு மேல் பறக்கக் கூடாது. கோபுரமே இல்லாத நிலையத்தைச் சுற்றி? 10,000 அடிக்குக் கீழே எங்கும் பொருந்தும் பொதுவான வரம்புதான்: 250 நாட். ஆக, கண்காணிக்க ஆள் இருக்கும் இடத்தில் கெடுபிடி, ஆளே இல்லாத இடத்தில் தாராளம். டிராஃபிக் போலீஸ் நிற்கிற சிக்னலில் வேகத்தடை போட்டுவிட்டு, ஆளில்லாத பள்ளிக்கூட முனையில் எடுத்துவிட்ட மாதிரி. வாட்சன்வில்லில் வந்த 180 நாட் இரண்டு வரம்புகளையும் மீறவில்லை. சட்டப்படி சரி. மூன்று பேர் இறந்தார்கள்.

ரேடியோ விஷயமும் இதே கதை. கோபுரம் உள்ள இடத்தில் பேசாமல் நுழைய முடியாது. கோபுரம் இல்லாத பெரும்பாலான இடங்களில் ரேடியோவே இல்லாமல் இறங்கலாம், சட்டம் தடுக்காது. 2020 முதல் பெரிய நகரங்களைச் சுற்றி ஏடிஎஸ்-பி என்ற கருவி கட்டாயம். விமானம் தன் இடத்தைத் தானே ஒலிபரப்பும். சின்ன நிலையங்கள் பலவும் அந்த எல்லைக்கு வெளியே.

பொழுதுபோக்கு விமானி யார்?

இப்போது இரண்டாவது கேள்வி. "பொழுதுபோக்குக்காரர்களை வேறெங்காவது போகச் சொல்லுங்கள்" என்பவர்கள் யாரைச் சொல்கிறார்கள்? வாட்சன்வில்லில் செஸ்னா 152, செஸ்னா 340 இரண்டுமே ஒரே தலைப்பின் கீழ்தான் வரும்: பொது விமானப் போக்குவரத்து. வாரக் கடைசியில் பறக்கும் ஆசிரியரும் அதில்தான், தனி ஜெட் வைத்திருக்கும் கோடீஸ்வரரும் அதில்தான். வெளியே போகச் சொல்லும்போது மட்டும் முதல் ஆள்தான் போவார். பணம் கட்ட முடிந்தவர் இருப்பார்.

அமெரிக்காவில் இதைத் தடுக்க ஒரு நல்ல விதி இருக்கிறது. மத்திய அரசின் மானியம் வாங்கிய விமான நிலையம், நியாயமான நிபந்தனைகளோடு, பாரபட்சம் இல்லாமல் எல்லா வகை விமானங்களுக்கும் திறந்திருக்க வேண்டும். மானிய உறுதிமொழிகளில் 22ஆவது. பொதுப் பணத்தில் போட்ட ஓடுபாதை பொதுவில் இருக்கட்டும் என்பதுதான் அதன் அர்த்தம். எனக்கு அந்த விதி பிடிக்கும். சாலை போட்டுவிட்டு, சைக்கிள்காரன் வராதே என்று சொல்லக் கூடாது.

அக்கம்பக்கத்தாருக்கு நியாயமான குறை இல்லையா என்றால், இருக்கிறது. சின்ன விமானங்கள் போடும் பெட்ரோலில் இன்றும் ஈயம் இருக்கிறது. நம்மவர்கள் நிறையப் பேர் வாழும் சான் ஹோஸேயில் ரீட்-ஹில்வியூ விமான நிலையத்தைச் சுற்றி அரை மைலுக்குள் வாழும் குழந்தைகளின் ரத்தத்தில் ஈய அளவு கூடுதலாக இருந்ததாக 2021இல் மாவட்ட நிர்வாகம் நடத்திய ஆய்வு சொன்னது. 2022 ஜனவரி முதல் அங்கே ஈயம் கலந்த எரிபொருள் விற்பனையை நிறுத்தினார்கள். இது சரியான சண்டை, சரியான இடத்தில். ஈயம் பிரச்சினை என்றால் ஈயத்தை நிறுத்துங்கள். அதைப் "பாதுகாப்பு" என்ற பெயரில் விமானிகளைத் துரத்தும் வாதமாக மாற்றும்போதுதான் இரண்டு வாதங்களும் கெட்டுப்போகின்றன.

விமானிகள் பக்கமும் எனக்குக் கோபம் உண்டு. சுதந்திரம், சுதந்திரம் என்று சொல்லி ரேடியோகூடக் கட்டாயமாகக் கூடாது என்பவர்கள் அங்கே இருக்கிறார்கள். மின்சாரமே இல்லாத 1940களின் பைப்பர் கப் விமானத்திலும் கையில் பிடிக்கும் ரேடியோவை வைத்துக்கொள்ளலாம். சில நூறு டாலர்தான். உங்கள் சுதந்திரத்தின் விலையை, உங்களைப் பார்க்க முடியாத இன்னொருவர் கட்டக் கூடாது.

நிலையங்களை நடத்துபவர்களும் இன்னொரு பக்கம் விளையாடுகிறார்கள். சில இடங்களில் ஏடிஎஸ்-பி ஒலிபரப்பை வைத்தே யார் இறங்கினார் என்று பார்த்து, வீட்டுக்குப் பில் அனுப்ப ஆரம்பித்துவிட்டார்கள். பாதுகாப்புக்காகக் கொண்டுவந்த கருவி வசூல் கருவியானால், கட்டாயம் இல்லாத இடத்தில் அதைப் பொருத்த யாருக்கு மனசு வரும்?

நடுவில் ஒரு படி

கோபுரமா, ஒன்றுமே இல்லையா என்று இரண்டே வழிதான் இருப்பதுபோல் பேசுவதும் அமெரிக்கப் பழக்கம். மற்ற நாடுகளில் நடுவில் படிகள் உண்டு. நார்வேயில் மலைக்கும் கடலுக்கும் நடுவில் குட்டி ஓடுபாதைகள். வீடரோ நிறுவனத்தின் டேஷ் 8 விமானங்கள் பயணிகளோடு இறங்குகின்றன. அங்கே பல இடங்களில் இருப்பது முழுக் கட்டுப்பாட்டாளர் அல்ல, தகவல் அதிகாரி. "இறங்கு" என்று அவர் உத்தரவிட மாட்டார். யார் எங்கே இருக்கிறார், காற்று எப்படி, ஓடுபாதை காலியா என்று சொல்வார். முடிவு விமானியுடையது. பிரிட்டனிலும் இந்த முறை உண்டு. கனடாவில் கோபுரம் இல்லாத பல நிலையங்களில் குறிப்பிட்ட அலைவரிசையில் பேசியே ஆக வேண்டும். ஸ்வீடனில் 2015 முதல் ஓர்ன்ஷோல்ட்ஸ்விக் நிலையத்தைத் தொலைவிலுள்ள சுண்ட்ஸ்வாலில் இருந்து கேமரா மூலம் கட்டுப்படுத்துகிறார்கள். அமெரிக்காவும் வர்ஜீனியாவின் லீஸ்பர்க்கில் அதைச் சில வருடம் ஓட்டிப் பார்த்து, 2023இல் நிறுத்திவிட்டது.

குயின்ஸியை மறுபடி யோசியுங்கள். அன்று அங்கே தகவல் சொல்ல ஒரே ஒரு ஆள் இருந்து, "பதில் சொன்னது செரோக்கி, கிங் ஏர் அல்ல" என்று சொல்லியிருந்தால் போதும். அதிகாரம் தேவையில்லை, ஒரு வாக்கியம் போதும்.

என் நிலைப்பாடு இது. பயணிகள் விமானம் வரும் எந்த நிலையத்திலும் ரேடியோ கட்டாயம். கோபுரம் இல்லாத நிலையத்தைச் சுற்றிய வேக வரம்பு, கோபுரம் உள்ள இடத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும், அதிகமாக அல்ல. நேராக வருகிறவர், சுற்றில் இருப்பவருக்கு வழிவிட வேண்டும்; இன்று அது பெரும்பாலும் அறிவுரை அளவில்தான் இருக்கிறது. கோபுரக் கணக்கில் எண்ணிக்கையோடு வேக வித்தியாசத்தையும் ஓடுபாதைகளின் அமைப்பையும் சேர்க்க வேண்டும். இதில் எதற்கும் பொழுதுபோக்கு விமானியை வெளியேற்றத் தேவையில்லை. முதல் மூன்றுக்கும் செங்கல், சிமென்ட், சம்பளம் எதுவும் வேண்டாம்.

அடுத்த முறை "கோபுரம் இல்லாத விமான நிலையத்தில் விபத்து" என்று செய்தி வந்தால், கோபுரத்தை விட்டுவிடுங்கள். மூன்று விஷயங்களைத் தேடிப் பாருங்கள்: இரண்டு விமானங்களின் வேகம் என்ன, ஓடுபாதைகள் வெட்டிக்கொள்கின்றனவா, யார் பேசியது யாருக்குக் கேட்டது. செய்தியில் அநேகமாக இருக்காது. விசாரணை அறிக்கையில் இருக்கும், வருடக் கணக்கில் தாமதமாக, "பார்த்துத் தவிர்க்கத் தவறினார்" என்ற வரிக்குச் சில பக்கங்கள் முன்னால்.